எதன்மேல் அடிக்கப் போகிறீர்கள்? அச்சு வேலைக்குப் புதியவர்களுக்கு

பிரஸ்ஸுக்கு முதன்முறையாக வருகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆயிரம் அடிக்க எவ்வளவு ஆகும்?" மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விலை சொல்ல மாட்டார். "எதுல அடிக்கணும்?" என்று திருப்பிக் கேட்பார். "அட, நம்ம லோகோதாங்க, சின்னதுதான்" என்பார் வந்தவர். லோகோ எத்தனை சின்னது என்பது இங்கே பேச்சே இல்லை. அதே லோகோ விசிட்டிங் கார்டில் ஏறுவது ஒரு மெஷினில், பனியனில் ஏறுவது வேறு பட்டறையில் வேறு மையில். பேனாவில் ஏற்ற இன்னொரு ஊருக்கே போகவேண்டி வரலாம்.

ஒரு முறுக்கு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். புதிதாகக் கடை போடுகிறார். அவருக்கு நோட்டீஸ் வேண்டும், அட்டைப்பெட்டி வேண்டும், முறுக்குப் பாக்கெட் வேண்டும். வேலையாட்களுக்கு டி-ஷர்ட், வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளிப் பேனா என்று ஆசையும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிரஸ்ஸில் கொடுத்தால் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பாதியை வெளியே கொடுத்து அடித்து வாங்கித் தருவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எது எந்த முறையில் அடிக்கப்படுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் பேரம் பேசவும் வரும், பிழையைக் கண்டுபிடிக்கவும் வரும்.

முதல் வேலை: ஒரு சொட்டுத் தண்ணீர்

அடிக்கப் போகும் பொருளைக் கையில் எடுத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செய்தித்தாளில் விட்டால் உடனே குடித்துவிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கொஞ்ச நேரம் முத்தாக நின்று, பிறகு ஒரு தழும்பை விட்டுப் போகும். பிளாஸ்டிக் கவரில் முத்து உருண்டு ஓடும். கண்ணாடியில் பரவும், ஆனால் உள்ளே இறங்காது.

மையின் கதையும் இதுதான். குடிக்கும் பரப்பில் மை தானாக உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். குடிக்காத பரப்பில் அது மேலேயே உட்கார வேண்டும். அப்படி உட்கார வைக்க எதையாவது செய்தாக வேண்டும்: ஆவியாகும் கரைப்பான், சூடு, புற ஊதா விளக்கு, அல்லது பரப்பையே கொஞ்சம் மாற்றுவது.

செய்தித்தாள் மை உறிஞ்சப்படுவதை மட்டுமே நம்பியிருக்கிறது. அது முழுசாக இறுகுவதில்லை. அதனால்தான் பேப்பர் படித்து முடித்தால் விரல் கறுக்கிறது. எண்ணெய் வடையை அதில் மடித்தால் நேற்றைய தலைப்புச் செய்தி வடையில் ஏறுகிறது. உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான்.

தண்ணீர்ச் சொட்டுக்கு அப்புறம் இன்னும் இரண்டு கேள்விகள். பொருள் தட்டையா, வளைவா? எத்தனை வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எந்த முறை என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

காகிதம்: ஆப்செட்

நோட்டீஸ், காலண்டர், புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள் என்று காகிதத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி ஆப்செட். இது எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தின்மேல் நிற்கிற தொழில். 1796 வாக்கில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையால் எழுதி, கல்லை ஈரமாக்கி, மையைத் தடவிப் பார்த்தார். ஈரமான இடம் மையைத் தள்ளியது, எழுதிய இடம் வாங்கிக்கொண்டது. இன்றைக்குக் கல் போய் மெல்லிய அலுமினியத் தகடு வந்திருக்கிறது. எழுத்தும் படமும் இருக்கும் இடம் எண்ணெயை விரும்பும், மற்ற இடம் தண்ணீரை விரும்பும். மெஷின் ஓடும்போது ஒரு பக்கம் தண்ணீர் உருளை, மறுபக்கம் மை உருளை என்று இரண்டும் தகட்டைத் தடவிக்கொண்டே இருக்கும்.

தகட்டிலிருந்து மை நேராகக் காகிதத்துக்குப் போகாது. முதலில் பிளாங்கெட் என்ற ரப்பர் போர்வையில் இறங்கி, அங்கிருந்து காகிதத்துக்கு மாறும். இந்த ரப்பர் முதலில் வந்தது காகிதத்துக்காக அல்ல, தகரத்துக்காக. தகரமும் கல்லும் நேருக்கு நேர் அழுத்தினால் எதுவும் சரியாகப் பதியாது என்பதால், 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே இடையில் ஓர் உருளையைப் புகுத்தினார். காகிதத்துக்கு அது வந்தது ஒரு கைத்தவறில். 1904 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபல் நடத்திய அச்சகத்தில், ஒரு தாள் உள்ளே போகாமல் தவறி, மை ரப்பரில் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்த ரப்பரிலிருந்து விழுந்த அச்சு, முன்பக்கத்து அச்சைவிடத் துல்லியமாக இருந்தது. ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். சொரசொரப்பான காகிதத்தின் மேடு பள்ளத்திலும் இறங்கும். சந்தேகம் இருந்தால் பிரஸ்ஸில் ஒரு தகட்டை வாங்கிப் பாருங்கள்: எழுத்து நேராகவே படிக்கக் கிடைக்கும். பழைய ஈய அச்சில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கும். ஆப்செட்டில் ரப்பர் ஒரு தடவை திருப்பிவிடுவதால் தகட்டில் நேராக இருக்கிறது.

வண்ணப் படம் என்றால் நான்கு தகடுகள்: சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இந்த நான்கின் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து கண்ணை ஏமாற்றுகின்றன. ஒரு காரியம் செய்யுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு காலண்டரில் சாமி படத்தின் கன்னத்தைப் பாருங்கள். பூப்போலப் புள்ளிகள் வட்டம் கட்டி நிற்கும். அது ஆப்செட்டின் கைரேகை. இன்க்ஜெட்டில் புள்ளிகள் மணல் தூவினதுபோலச் சிதறிக் கிடக்கும். லேசர் பிரிண்டில் மை பொடியாக மேலே ஒட்டி லேசாகப் பளபளக்கும். எழுத்தைச் சுற்றிப் பொடிச் சிதறலும் தெரியும். பழைய ஈய அச்சென்றால் தாளின் பின்பக்கத்தைத் தடவினாலே அழுத்தம் விரலுக்குத் தெரியும்.

சரி, ஆப்செட்டா டிஜிட்டலா? தகடு செய்வது, மெஷினில் மாட்டுவது, நிறம் சரிவரும்வரை தாளை ஓட்டி வீணாக்குவது என்று ஆப்செட்டில் முதல் பிரதிக்கு முன்பே செலவு ஆரம்பித்துவிடும். அப்புறம் ஓட ஓடப் பிரதிக்கான செலவு இறங்கும். டிஜிட்டல் என்பது கணினியிலிருந்து நேராக அடிப்பது, அதில் தகடு இல்லை. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஒரே விலை. நூறு, இருநூறு என்றால் யோசிக்காமல் டிஜிட்டல். ஆயிரத்தைத் தாண்டினால் ஆப்செட். இடைப்பட்ட எண்ணிக்கைக்கு இரண்டு விலையும் கேட்டுப் பாருங்கள்.

காகிதத்தின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். சாதாரண நோட்டீஸுக்கு 60, 70 மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சில்லாத சாதாரணத் தாள்) போதும். கொஞ்சம் பளிச்சென்று வேண்டுமானால் 90 அல்லது 130 ஆர்ட் பேப்பர். விசிட்டிங் கார்டுக்கு 300 ஆர்ட் போர்டு.

புதியவர்கள் காசை விடுகிற இடம் அளவுதான். முறுக்கு வியாபாரி ஏ4 அளவில் நோட்டீஸ் கேட்கிறார் என்று வையுங்கள். பிரஸ்ஸில் இருக்கிற தாள் 23×36 அங்குலம். ஏ4 நீளம் 11.69 அங்குலம். 23 அங்குலத்தில் இரண்டு வைக்கலாமா என்றால், 23.38 வேண்டும். அரை அங்குலத்துக்கும் குறைவாக இடிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒரு தாளில் 6 நோட்டீஸ்தான் விழும். மீதி கழிவு. அதையே 8½×11 அங்குலமாகக் குறைத்தால், ஓரம் வெட்டவும் மெஷின் தாளைப் பிடிக்கவும் இடம்போக 8 விழும். ஆயிரம் நோட்டீஸுக்கு 167 தாள் ஆகிற இடத்தில் 125 தாள். பிரஸ்காரரிடம் 25×36 தாள் இருந்தாலும் ஏ4 எட்டு விழும். ஆகவே அளவை முடிவு செய்துவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போகாதீர்கள். "உங்ககிட்ட இருக்கிற தாள்ல கழிவில்லாம என்ன அளவு வரும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கே பாதிப் பிரஸ்காரர்கள் உங்களைத் தொழில் தெரிந்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மடிக்கிற வேலையாக இருந்தால் தாளின் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு அழகாக விழும். குறுக்கே மடித்தால், முக்கியமாகக் கனமான அட்டையில், மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும். ஒரு துண்டை இரண்டு பக்கமும் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிகிற திசைதான் ஓட்டம்.

ஆப்செட் மை மேலோட்டமாகக் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், காற்றோடு சேர்ந்து முழுசாக இறுக நேரம் எடுக்கும். அதற்குள் அடுக்கி வைத்தால் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். செட்-ஆஃப் என்பார்கள். இதைத் தடுக்கத்தான் தாள்களுக்கிடையே மெல்லிய பொடியைத் தூவுகிறார்கள். புது நோட்டீஸைத் தடவினால் விரலில் மாவுபோல வருவது அதுதான். மழைக்காலத்தில் காய்வது இன்னும் தள்ளிப்போகும், தாளும் ஈரத்தில் லேசாக விரியும். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அவற்றுக்கு லேபிள் அடிக்கிற அச்சுத் தொழிலும் சேர்ந்து வளர்ந்ததற்கு அந்த வறண்ட வானிலையையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். காலண்டர் அடிக்கிற எண்ணம் இருந்தால் மார்கழியில் போய் நிற்காதீர்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு சூட்சுமம் உண்டு. பிள்ளையாரும் மயிலும் தோரணமுமாகக் கார்டு முன்பே ஆப்செட்டில் மொத்தமாக அடித்து வந்திருக்கும். உள்ளூர் பிரஸ்ஸில் அடிப்பது பெயர், முகூர்த்தம், மண்டபம் அடங்கிய மேட்டர் மட்டும், அதுவும் பெரும்பாலும் ஸ்கிரீன் என்ற வலை அச்சில். ஆகவே எழுத்து சரியில்லை என்றால் கார்டை மாற்றிப் பிரயோஜனமில்லை. ஸ்கிரீன் போடுகிறவரை மாற்ற வேண்டும்.

அட்டைப்பெட்டி

இனிப்புப் பெட்டி மாதிரி மெல்லிய அட்டை என்றால் ஆப்செட்டே போதும். அடித்து, மேலே லேமினேஷனோ வார்னிஷோ ஏற்றி, டை (பெட்டியின் வடிவத்தில் செய்த வெட்டுக்கத்தி) வைத்து வெட்டி, மடிப்புக்கோடு போட்டு ஒட்டுவார்கள். டை செய்ய ஒருமுறை செலவாகும்; அந்த டையை யார் வைத்துக்கொள்வது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். நெளிவு வைத்த பழுப்புப் பெட்டி என்றால் ஆப்செட் மெஷினுக்குள் விட முடியாது, நெளிவு நசுங்கிவிடும். அதற்கு ஃபிளெக்ஸோ. ரப்பர் ஸ்டாம்பைப் பெரிதாக்கி உருளையில் சுற்றினதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுத்தோரத்தில் மை பிதுங்கி ஒரு வளையம்போலத் தெரிவது இதனால்தான். இங்கே பொடி எழுத்தும் மெல்லிய கோடும் ஆகாது. பழுப்பு அட்டையில் மஞ்சள், இளம் பச்சை போன்றவை செத்துப்போகும். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு என்று நின்றுகொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பாக்கெட்: நகத்தால் சுரண்டிப் பாருங்கள்

கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து மேல்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். மை வராது. ஏனென்றால் மை மேலே இல்லை. தெளிவான மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமின் உள்பக்கத்தில் படத்தைத் திருப்பி அடித்து, அதன் பின்னால் இன்னொரு ஃபிலிமை ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் பார்ப்பது ஜன்னல் கண்ணாடி வழியாக. வெளி ஃபிலிம் பாலியெஸ்டர் என்றால் பெரும்பாலும் 12 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கனம்தான் மையைக் கைபடாமல் காக்கிறது. மையும் முறுக்கைத் தொடுவதில்லை. அடிக்கும் வரிசையும் தலைகீழ்: வண்ணங்கள் முதலில், வெள்ளை கடைசியில்.

இந்த வேலையைச் செய்வது கிராவியர். செம்பு பூசிய உருளையில் லட்சக்கணக்கான நுண்ணிய குழிகள். ஆழமான குழியில் அதிக மை, ஆழமில்லாத குழியில் குறைவு. மேலே வழியும் மையை ஒரு கத்தி வழித்துவிடும். குழியில் மிஞ்சியது ஃபிலிமுக்குப் போகும். செம்பு தேயாமல் இருக்க மேலே குரோமியம் பூச்சு. நிறத்துக்கு ஓர் உருளை, வெள்ளைக்கும் தனியாக ஒன்று. எழுத்தும் குழிகளால் ஆனது என்பதால் லென்ஸில் பார்த்தால் எழுத்தோரம் ரம்பப்பல்போல இருக்கும்.

உருளைச் செலவுதான் இங்கே புதியவர்களை விழுங்குகிறது. ஆகவே இரண்டு அறிவுரை. முதலாவது, வியாபாரம் பிடிக்கும்வரை கிராவியர் பக்கமே போகாதீர்கள். வெறும் பாக்கெட் வாங்கி நல்ல ஸ்டிக்கர் ஒட்டுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். இரண்டாவது, உருளைக்குப் போகும் நாள் வந்தால், மாறக்கூடிய எதையும் அதில் ஏற்றாதீர்கள். விலை, தொகுப்பு எண், தயாரித்த தேதி ஆகியவற்றுக்கு ஒரு வெற்றுக் கட்டம் விட்டுப் பிறகு இன்க்ஜெட்டில் அடித்துக்கொள்ளலாம். 14 இலக்க உணவு உரிம எண், பச்சைப் புள்ளி வைத்த சைவக் குறி, முகவரி எல்லாம் உறுதியான பிறகே உருளை வெட்டச் சொல்லுங்கள். போன் நம்பர் மாறியதற்காக உருளையை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பாக்கெட் வந்ததும் இன்னொரு சோதனை. நாலைந்து காலிப் பாக்கெட்டுகளை வாய் ஒட்டி ஒருநாள் வையுங்கள். மறுநாள் திறந்து உடனே மோந்து பாருங்கள். தின்னர் வாடை வந்தால் கரைப்பான் முழுசாக ஆவியாகவில்லை. அதில் முறுக்கைப் போட்டால் முறுக்கும் அந்த வாடை அடிக்கும்.

பாலித்தீன் பையின் மேலேயே நேராக அடிப்பதும் உண்டு. அங்கேதான் தண்ணீர் முத்தின் தொல்லை. பரப்பு இழுவிசையை டைன் என்ற அலகில் அளப்பார்கள்: பாலித்தீனுடையது சுமார் 31 டைன், தண்ணீருடையது 72. பரப்பு மையை இழுக்காவிட்டால் மை சுருங்கி முத்தாகிவிடும். அதனால் ஃபிலிமை மின்பொறிக்குள் விட்டு, கொரோனா என்ற முறையில், 38 டைனுக்கு மேல் ஏற்றுவார்கள். நோய் இந்தப் பெயரைப் பிரபலமாக்குவதற்கு ரொம்ப முன்பே எங்களுக்குக் கொரோனா தெரியும். இந்த ஏற்றம் நாளாக ஆகக் குறையும். குடோனில் மாதக்கணக்கில் கிடந்த ஃபிலிமை மலிவாகத் தருகிறேன் என்றால் கவனம். அடித்த மைமேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்போடு மை வந்தால் சரக்கை வாங்காதீர்கள்.

துணி: ஸ்கிரீன்

மஞ்சப்பையிலிருந்து திருப்பூர் டி-ஷர்ட்வரை துணியை ஆள்வது ஸ்கிரீன் அச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் அல்லது பாலியெஸ்டர் வலை. அதில் ஒளி பட்டால் இறுகும் பசையைத் தடவி, எழுத்துள்ள படச்சுருளை மேலே வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். எழுத்து மறைத்த இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்தத் திறப்பு வழியாக ரப்பர்ப் பட்டையால் மையை இழுத்தால் துணியில் இறங்கும். கையை வைத்தால் மையின் கனம் தெரியும். வேறெந்த முறையும் இத்தனை தடிமனாக மை போடாது. கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து பளிச்சென்று நிற்பது இதனால்தான்.

ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை நூல் என்பதுதான் வலையின் கணக்கு. துணிக்கு 43 முதல் 55 வரை, பிளாஸ்டிக்கில் நுண்ணிய வேலைக்கு 120 போல. துணிக்கான வலை அகலம் என்பதால் சின்னத் தமிழ் எழுத்து இதில் படாதபாடு படும். புள்ளி முதலில் காணாமல் போகும். ‘ண’வின் சுழிகள் அடைந்து கறுப்புக் கட்டியாகும். ‘கல்’ ‘கல’ ஆகும். டி-ஷர்ட்டில் தமிழ் போடுவதென்றால் தடித்த எழுத்துரு, பெரிய புள்ளி, திறந்த சுழி என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில வரி எந்த அளவில் இருக்கிறதோ அதைவிடத் தமிழ் வரியை ஒரு படி பெரிதாக வையுங்கள்.

மஞ்சப்பையில் பெரும்பாலும் சிவப்பு எழுத்தைப் பார்க்கிறோம். மஞ்சளின்மேல் நீலத்தை மெல்லியதாக அடித்தால் பச்சை கலந்து தெரியும். சிவப்போ சிவப்பாகவே நிற்கும். பருத்தித் துணி மையை நன்றாகக் குடிக்கவும் செய்யும்.

பாலியெஸ்டர் கதை வேறு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கபடிக் குழுவுக்குச் சிவப்பு பாலியெஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண்கள் போட்டேன். பிளாஸ்டிசால் மை (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை), 160 டிகிரி சூடு, பருத்திக்குச் செய்வதுபோலவே. அடித்து முடித்தபோது வெள்ளை பால்போல இருந்தது. பெருமையாக மடித்து அடுக்கினேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது: "அண்ணே, நம்பரெல்லாம் ரோஸ் கலரா இருக்கே?" போய்ப் பார்த்தேன். அத்தனை எண்ணும் ரோஸ் மில்க். பாலியெஸ்டருக்குப் போடும் சாயம் சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறிவிடும். அடித்த அன்றைக்குத் தெரியாது, மெதுவாகத்தான் வெளியே வரும். குழு விளையாடியது, ரோஸ் எண்ணோடே. காசு நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் பாலியெஸ்டர் என்றால் சாயம் ஏறாத தனி மை, குறைந்த சூடு, வெள்ளைக்கு அடியில் தடுப்பு மை ஒரு பூச்சு. ஒரு துண்டில் அடித்து மூன்று நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் மொத்தச் சரக்கில் கை வைப்பேன்.

அந்தச் சாயம் ஆவியாகிற குணத்தையே வேலையாக்கியதுதான் சப்ளிமேஷன். காகிதத்தில் அடித்த சாயத்தைச் சுமார் 200 டிகிரியில் அழுத்தினால் ஆவியாகிப் பாலியெஸ்டர் நாருக்குள் போய்விடும். தடவினால் அச்சே தெரியாது, துவைத்தாலும் போகாது. ஆனால் பருத்தியில் பிடிக்காது, கருந்துணியில் தெரியாது. ஐந்து பத்து டி-ஷர்ட்தான் என்றால் டி.டி.எஃப். கேளுங்கள். ஃபிலிமில் அடித்து, பசைப்பொடி தூவி, சூட்டில் ஒட்டுவது. எந்தத் துணியிலும் வரும். ஆனால் பெரிய படமாக இருந்தால் மார்பில் பிளாஸ்டர் போட்டதுபோல வியர்க்கும்.

பேனா, குவளை, பாத்திரம்

பேனா உருண்டை, அதுவும் பிளாஸ்டிக். இங்கே பேட் அச்சு. தகட்டில் மெல்லிய பள்ளமாக வெட்டிய படத்தில் மை நிரப்பி, சிலிக்கான் குமிழ் ஒன்று அதை ஒற்றி எடுத்து, பேனாமேல் அமுக்கும். சிலிக்கான் வளைந்து கொடுப்பதால் கோல்ஃப் பந்தின் குழியில்கூட அடிக்கலாம். பரப்பு சின்னது. ஒன்று அல்லது இரண்டு நிறத்தோடு திருப்திப்படுங்கள்.

படம் போட்ட காபிக் குவளை சப்ளிமேஷன்தான். பீங்கானில் அது பிடிக்காது, மேலே பூசிய பாலியெஸ்டர் பூச்சில்தான் பிடிக்கிறது. பூச்சில்லாத குவளையை மலிவாக வாங்கிக்கொண்டு போனால் அடித்துத் தரமாட்டார்கள். கண்ணாடி பாட்டிலில் காலத்துக்கும் நிற்க வேண்டுமென்றால் பீங்கான் மையை ஸ்கிரீனில் அடித்து 600 டிகிரி வாக்கில் சுடுவார்கள். தகர டப்பாவில் அடிப்பது தகடு தட்டையாக இருக்கும்போதே. அடித்துச் சூளையில் காயவைத்த பிறகுதான் டப்பாவாக வளைக்கிறார்கள்.

எவர்சில்வர்? புற ஊதா மையில் அடிக்கலாம். ஆனால் தினமும் சபீனா போட்டுத் தேய்க்கும் பாத்திரத்தில் எந்த மையும் நிற்காது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறார்களே, அதுதான் இந்தப் பரப்புக்குச் சரியான விடை. இப்போது அதையே லேசரில் செய்கிறார்கள்.

ஃபைல் கொடுப்பதற்கு முன்

படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லோகோ அந்தக் கணக்கில் வராது. ஓரம்வரை நிறம் போகிற வடிவமென்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். கறுப்பு எழுத்தைக் கறுப்பு ஒன்றில் மட்டும் வையுங்கள். நாலு நிறத்திலும் கலந்து வைத்தால், தகடு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். திரையில் தெரியும் ஒளிர்பச்சையும் மின்நீலமும் நாலு மையில் வரவே வராது. கட்டாயம் வேண்டுமென்றால் தனி மை கலந்து ஐந்தாவது நிறமாக அடிக்க வேண்டும்.

தமிழில் ஒரு தனித் தொல்லை. உங்கள் கணினியில் ஒழுங்காக இருக்கும் ‘கொடுக்கிறோம்’, பிரஸ்ஸின் பழைய மென்பொருளில் திறந்தால் ‘ெகாடுக்கிேறாம்’ ஆகிவிடும். ஒருங்குறியும் (யூனிகோட்) பழைய எழுத்துருக்களும் இன்னும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே எழுத்தைக் கர்வாக மாற்றி பி.டி.எஃப். கொடுங்கள், எழுத்து அப்போது வெறும் வடிவமாகிவிடும், உடையாது. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் திருத்தத்துக்காகத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

தேர்தல் நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அச்சடித்தவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். பிரஸ்காரர் கேட்டால் கோபிக்காதீர்கள், அவர் தலைதான் உருளும்.

ப்ரூஃபும் டெலிவரியும்

ப்ரூஃப், அதாவது மொத்தமாக அடிப்பதற்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் பிரதி, பார்க்கும்போது திரையில் பார்க்காதீர்கள். காகிதத்தில் வாங்கி, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். போன் நம்பரை அழைத்துப் பாருங்கள். தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிடுங்கள். முகூர்த்தப் பத்திரிகையில் கிழமை மாறினால் சண்டை பிரஸ்ஸோடு முடியாது. சரியென்றால் அதே தாளில் கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் முக்கியமான வேலை என்றால் மெஷின் ஓடும்போது போய் நில்லுங்கள். முதல் ஐம்பது தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தண்ணீரும் மையும் சமநிலைக்கு வர அவ்வளவு தாள் போகும். சரியான தாள் வந்ததும் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மெஷின்மேன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதியை அதற்குப் பொருத்தி ஓட்டுவார். டியூப் லைட் அடியில் பார்த்தது மட்டும் போதாது. வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள்.

சரக்கு வந்ததும் மேல்கட்டை மட்டும் பிரித்துப் பார்க்காமல் நடுவிலிருந்து ஒரு கட்டை உருவுங்கள். காகிதமென்றால் பின்பக்கத்தில் மை ஒட்டியிருக்கிறதா, பிளாஸ்டிக் என்றால் டேப்போடு மை வருகிறதா, துணியென்றால் ஒன்றைத் துவைத்து நிழலில் காயவைத்தால் நிற்கிறதா என்று பாருங்கள். நன்றாக வந்த ஒரு மாதிரியின் முதுகில் தாளின் கனம், மையின் பெயர், அடித்த மாதம், பிரஸ்ஸின் பெயர் எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் "போன தடவை மாதிரியே" என்று கேட்கப் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியது அந்தக் கவர்தான்.